ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கைக்கு ரோபோ பயிற்சி எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

வாத்தியார்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு போன ஆடியில ஸ்ட்ரோக், காலைல பல் வெளக்கிட்டு இருந்தவருக்கு வாய் கோணி வலது கை கால் இழுத்துக்கிச்சு. கால் ரெண்டு மூணு மாசத்துல ஓரளவு வந்துடுச்சு, குச்சி வச்சுக்கிட்டு தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடுவாரு, கைதான் வரல. தோள்லேர்ந்து தொங்கும், விரல் மூடினது மூடினபடி. கொட்டாவி விட்டா மட்டும் அந்தக் கை தானா மேல போகும். அதைப் பாத்துட்டு அம்மா கை வந்துடுச்சுன்னு சாமிக்கு வெளக்கு ஏத்திட்டாங்க, அது நாம நினைச்சு தூக்குறது இல்லம்மா, அனிச்சையா நடக்குறதுன்னு பிசியோ சொன்ன அன்னிக்கு வீட்ல யாரும் சரியா சாப்பிடல.

அப்பா 34 வருஷம் தமிழ் வாத்தியார். பேங்க்ல பென்ஷன் எடுக்கப் போனப்ப கையெழுத்துப் போட முடியல, ரேகை வைங்க சார்னு மைப்பெட்டிய நீட்டினாங்க. ஒண்ணும் பேசாம இடது பெருவிரல வச்சாரு. வீட்டுக்கு வந்ததும் அந்த மையைக் கழுவணும்னாரு, ஒரு கையை அதே கையால எப்படிக் கழுவுறது, நான்தான் சோப்பு போட்டு தேய்ச்சு விட்டேன். அன்னிக்குத்தான் இந்தக் கையை இப்படியே விடக்கூடாதுன்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு புறா ரத்தம்கூட தடவினோம், மறைக்க விரும்பல. அதுல போன மூணு வாரம் திரும்பி வராது, தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க.

அப்புறம் வேலூர் சிஎம்சி. பாகாயத்துல இருக்கிற அவங்க ரீஹேப், அதாவது மறுவாழ்வு சிகிச்சை மையம், 1966லேர்ந்து நடக்குது. அதைத் தொடங்கின டாக்டர் மேரி வர்கீஸ் ஒரு விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்தவங்க, சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினவங்க. இதை யாரோ சொல்ல, அப்பா மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு.

கைக்கு ப்ளூட்டோன்னு ஒரு மெஷின், சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து செஞ்சது. ரோபோன்னதும் நான் என்னமோ பெருசா நினைச்சுட்டேன், மேஜை மேல வைக்கிற பெட்டிதான், உள்ள ஒரே ஒரு மோட்டார். கைப்பிடிய மாத்தி மாத்தி மாட்டுறாங்க, ஒண்ணு மணிக்கட்டை மடக்க, ஒண்ணு முன்கையைத் திருப்ப, ஒண்ணு விரல மூடித் திறக்க. எதிர்ல ஸ்கிரீன்ல பந்து தட்டுற மாதிரி கேம், கை அசைஞ்சாத்தான் அதுவும் அசையும். முதல் சில நாள் அப்பா கையை மெஷின்தான் இழுத்துட்டுப் போச்சு. ரெண்டாவது வாரம் தெரபிஸ்ட் தம்பி "சார், இப்ப மெஷின் சும்மா இருக்கு, நீங்கதான் திருப்புறீங்க"ன்னான். அப்பா நம்பல. நிஜமாவான்னு என்னைக் கேட்டாரு. வெறும் கண்ணால பாத்தா எனக்கும் தெரியாத அளவு அசைவுதான், ஆனா ஸ்கிரீன்ல தெரிஞ்சுது.

இது மாதிரி எடுத்தவங்க எழுதுங்க, எவ்வளவு நாள் எடுத்தீங்க, வீட்ல என்ன செஞ்சீங்க, எல்லாமே சொல்லுங்க.

கோவை_பிசியோ:

அக்கா, நான் 11 வருஷமா ஸ்ட்ரோக் பேஷண்ட்ஸ் பாக்குறேன். ரோபோ நல்லதா கெட்டதான்னு தினம் யாராவது கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

இதுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவுல எம்ஐடியில ஹோகன், கிரெப்ஸ் ரெண்டு பேரும் செஞ்ச எம்ஐடி மேனஸ்ங்கற ரோபோ, 90கள்லயே பேஷண்ட்ஸ்க்கு வச்சுப் பாத்தாங்க. அடிப்படை ரொம்ப சிம்பிள், மூளை புதுப் பாதை போடணும்னா ஒரே அசைவை நூத்துக்கணக்குல திரும்பத் திரும்பச் செய்யணும், நான் கையால பிடிச்சு செய்ய வச்சா சில பத்து தடவைல எனக்கும் இடுப்பு போயிடும் பேஷண்டும் சோர்ந்துடுவாரு. 2010ல வந்த, 127 முன்னாள் ராணுவத்தினரை வச்சு அமெரிக்காவுல பண்ணின ஆய்வுல மெஷின் மூலமா ஒரு செஷனுக்கு சராசரியா 1000 அசைவுக்கு மேல பண்ண வச்சாங்க. ஆனா அதே தீவிரத்தோட மனுஷங்க கொடுத்த தெரபியும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் கொடுத்துச்சு.

2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த பிரிட்டன் ஆய்வு இன்னும் பெருசு, 770 பேர், வாரம் மூணு நாள் 45 நிமிஷம், 12 வாரம். கை அசைவு ரோபோவால கொஞ்சம் கூடுச்சு. ஆனா டம்ளர் எடுக்கிறது, பொருளை நகத்தி வைக்கிறது மாதிரி நிஜமான உபயோகம் வழக்கமான சிகிச்சையைவிட கூடல. இன்னொரு பக்கம், பல ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசுற கோக்ரேன்ங்கற அமைப்போட 2018 தொகுப்பு 45 ஆய்வை, 1619 பேரை சேத்துப் பாத்து அன்றாட வேலையிலயும் கை வலுவுலயும் முன்னேற்றம் இருக்குன்னு சொல்லுது. ரெண்டையும் படிச்சு, என் பேஷண்ட்ஸையும் பாத்து நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: மெஷின் அசைவைத் திருப்பிக் கொடுக்கும், அந்த அசைவை சொம்புக்கும் பட்டனுக்கும் கொண்டுபோறது வீட்ல நடக்கணும். மெஷின்ல ஒரு மணி நேரம் பண்ணிட்டு மீதி நாள் முழுக்க அந்தக் கையை மடியில போட்டு வச்சா அது நிக்காது.

வீட்டுக்குன்னா கண்ணாடி வச்சு செய்யிறதும் இருக்கு. நம்ம மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் குழு 1999லயே ஸ்ட்ரோக்குக்கு அதைச் செஞ்சு பாத்து லான்செட்ல எழுதினாங்க. நல்ல கையோட பிம்பத்தைப் பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் அசைக்கணும். ஒரு முகம் பாக்குற கண்ணாடி போதும், ஒரு தடவை தெரபிஸ்ட்கிட்ட முறையா கத்துக்கிட்டு ஆரம்பிங்க.

மதுரைக்காரி:

எங்க கதை வேற. என் வீட்டுக்காரருக்கு 41 வயசு, ஒரு தனியார் சென்டர்ல ரோபோ பேக்கேஜ்னு சொல்லி 20 செஷனுக்கு மொத்தமா காசு வாங்கிட்டாங்க, நகையை வச்சுத்தான் கட்டினேன். உள்ள போனா ஒரு பொண்ணு கையைக் கட்டி விட்டுட்டு ஆன் பண்ணிட்டுப் போயிடும். மெஷின் பாட்டுக்கு ஆட்டும், இவரு போனைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நாங்களும் மெஷின் பாத்துக்கும்னு நம்பிட்டோம். எட்டாவது செஷன்ல தோள்ல வலி, ராத்திரி தூக்கமே இல்ல. வேற டாக்டர்கிட்ட காட்டினா தோள் மூட்டு ஏற்கனவே கீழ இறங்கியிருக்கு, கையைச் சரியா தாங்கிப் பிடிக்காம செஞ்சிருக்காங்கன்னாரு. அதை முதல் நாளே பாத்திருக்க வேண்டாமா? மீதி காசைக் கேட்டோம், தரல.

கோவை தம்பி சொல்றது இப்பத்தான் எனக்குப் புரியுது. மெஷின் ஆட்டுறப்ப இவரும் சேந்து முயற்சி பண்ணணும்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. எடுக்கப் போறவங்க ரெண்டு விஷயம் கேளுங்க, செஷன் முழுக்க தெரபிஸ்ட் பக்கத்துல இருப்பாங்களா, தோளை முதல்ல செக் பண்ணுவீங்களா. அக்குள்ல கை கொடுத்துத் தூக்க வீட்ல யாரையும் விடாதீங்க, நான் தெரியாம அப்படித்தான் தூக்கிக்கிட்டு இருந்தேன்.

சிங்கை_சித்தப்பா:

நான் பேஷண்ட். இடது கை விழுந்துச்சு, அதனால டைப் பண்ண முடியுது. சிங்கப்பூர்ல என்டியூ பல்கலைக்கழகத்துல உருவாக்கின எச்-மேன்னு ஒண்ணு, மேஜை மேல கைப்பிடிய நாலாபக்கமும் தள்ளணும், அதுல பண்ணினேன். உள்ளேர்ந்து எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன். கை செத்துப்போன மாதிரி எனக்கு இருக்காது, யாரோ வேறொருத்தர் கை என் தோள்ல மாட்டியிருக்கிற மாதிரி இருக்கும். தள்ளு தள்ளுன்னு மனசுக்குள்ள கத்துவேன், ஒண்ணும் நடக்காது, அதுக்கே வேர்த்து ஊத்தும். மெஷின் கொஞ்சம் நகத்திக் கொடுக்கும்போது ஆமா இப்படித்தான்னு பழைய ஞாபகம் ஒண்ணு வரும் பாருங்க, அதைப் பிடிச்சுக்கணும். பக்கத்துல இருக்கிறவங்க அந்த நேரத்துல பேசாதீங்க, டிவி போடாதீங்க. பேஷண்ட் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா அவ்வளவு வேலை செஞ்சுக்கிட்டு இருப்பாரு.

வாத்தியார்_பொண்ணு:

சித்தப்பா, நீங்க எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், "வேறொருத்தர் கை"ங்கற இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு தலையை ஆட்டினாரு. அவரு இதை இதுவரைக்கும் எங்ககிட்ட சொன்னதே இல்ல.

எங்க நிலைமை கேட்டவங்களுக்கு, வலது கையால எழுத இன்னும் வரல, வரும்னு டாக்டரும் உறுதி கொடுக்கல. பேங்க்ல இடது கை கையெழுத்தா மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க, எல்லாத் தடவையும் ஒரே மாதிரி வரணும்னு ஒரு வாரமா நாலு கோடு நோட்டுல எழுதிப் பாத்துக்கிட்டு இருக்காரு. முதல்ல நோட்டு நகராம நான் பிடிச்சுக்கிட்டேன், இப்ப வலது கையை எடுத்து அது மேல அவரே வச்சு அழுத்திக்கிறாரு.

மதுரை அக்கா, தோளுக்கு இப்ப என்ன செய்யறாங்க, வலி குறைஞ்சுதா, எழுதுங்க.