ஸ்பானிய நாவல்களில் நீங்கள் சந்தித்த பெண்கள் யார்?

நான் ஆரம்பிக்கிறேன். மரியா துவேன்யாஸ் 2009-இல் எழுதிய ‘எல் தியெம்போ எந்த்ரே கோஸ்துராஸ்’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். நாயகி சிரா கிரோகா, மட்ரிட் தையல்காரி. காதலன் பணம், நகை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட, அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த மொராக்கோவின் தெத்துவான் நகரில் கடனோடு நிற்கிறாள். விடுதிக்காரி கந்தெலாரியாவிடம் இருந்த துப்பாக்கிகளைக் கள்ளத்தனமாக விற்றுத்தான் தையற்கடை திறக்கிறார்கள்! இரண்டாம் உலகப்போரின்போது மட்ரிட் திரும்பி, நாஜி அதிகாரிகளின் மனைவிமாருக்கு உடை தைத்தபடியே பிரிட்டிஷாருக்கு உளவு சொல்கிறாள். செய்தி எப்படிப் போகிறது தெரியுமா? துணி வெட்டும் பேட்டர்ன் தாளில், தையல் கோடு மாதிரி மோர்ஸ் புள்ளியும் கோடுமாக. பெண்பிள்ளை வேலைதானே என்று யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் மணமான பெண் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் கணவன் அனுமதி வேண்டும். 1975-இல்தான் அந்தச் சட்டம் போனது. அதை வைத்துப் பார்த்தால் சிரா தன் கையில் வைத்திருக்கும் கடை, அவள் செய்யும் உளவைவிடப் பெரிய விஷயம்.

—

அக்கா, சிரா எனக்குக் கொஞ்சம் சினிமாத்தனம். என் ஆள் தொலோரெஸ் ரெதோந்தோவின் நாவல் வரிசையில் வரும் அமாயா சலசார். வட ஸ்பெயினின் நவாரா பகுதி போலீஸ் இன்ஸ்பெக்டர். கொலை வழக்குக்காகச் சொந்த ஊரான எலிசோந்தோவுக்கே வருகிறாள். அவளை ஆட்டிவைக்கும் பயம், சின்ன வயதில் அவளைக் கொல்லப் பார்த்த அம்மா ரொசாரியோமீதுதான். இரண்டாம் பாகத்தில் அமாயாவுக்கே கைக்குழந்தை; பால் கொடுக்கும் நேரமும் விசாரணையும் மோதிக்கொண்டே இருக்கும், வீட்டில் குழந்தையோடு இருப்பது கணவன் ஜேம்ஸ். தாய்ப்பாசத்தைப் புனிதமாக்காத போலீஸ் கதை எனக்கு அதுவரை கிடைக்கவில்லை.

—

சரி, வம்புக்கு நான். கார்மென் மோலா என்ற பெண் பெயரில் வந்த நாவல்களின் இன்ஸ்பெக்டர் எலேனா பிளாங்கோவை ரசித்துப் படித்தவன் நான். 2021-இல் பத்து லட்சம் யூரோ பிளானெட்டா இலக்கியப் பரிசை வாங்க மேடையேறியது மூன்று ஆண்கள்; அந்தப் பெயர் அவர்களின் புனைபெயர்! மட்ரிட்டில் ஒரு பெண்கள் புத்தகக்கடை அந்த நூல்களை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டது. ஆண்கள் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பப் படித்தால் எலேனாவின் கிராப்பா என்ற மது, கரோக்கி, ஓரிரவு ஆண்கள் எல்லாம் வழக்கமான ஆண் துப்பறிவாளனுக்குச் சேலை கட்டியதுபோல இருக்கிறது. அமாயாவிடம் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

—

தம்பி, அந்தப் பழக்கங்களைப் பெண் எழுத்தாளர் எழுதியிருந்தால் ‘துணிச்சல்’ என்றிருப்பீர்கள்! கிரிஸ்தினா மொராலெஸின் ‘லெக்துரா ஃபாசில்’ நாவலைப் படித்தவர்கள் அடுத்து வாருங்கள்.