ஷிப்ட் மாறும் வீட்டில் குடும்ப ஜெபத்தை எப்போது வைப்பது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கம் இருக்கிறோம். மனைவிக்குப் பகல் வேலை, எனக்கு வாராவாரம் மாறும் ஷிப்ட். தினமும் வேத வாசிப்பு, குடும்ப ஜெபம் என்று புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுத்தோம். பகல் ஷிப்ட் வாரத்தில் நன்றாகவே நடக்கிறது, இரவு ஷிப்ட் வந்ததும் அறுந்துபோகிறது, திரும்பத் தொடங்குவதற்குள் அடுத்த ஷிப்ட்.

ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்று அட்டவணை போட்டோம். 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கும் கொஞ்சம் மேலே. லேவியராகமத்தில் நின்றது (எல்லாருக்கும் அங்கேதான் நிற்கும் போல). அப்புறம் தேதிக்கு ஒரு நீதிமொழிகள் அதிகாரம். மொத்தம் 31 என்பதால் விட்ட நாளைத் துரத்த வேண்டியதில்லை, இது மட்டும் ஓடுகிறது. கம்பெனி கேபில் ஆடியோ வேதாகமம் போட்டால் தூக்கம்தான் வருகிறது. போதகர் மாற்கு 1:35-ஐக் காட்டி அதிகாலையில் ஜெபிக்கச் சொல்கிறார், நான் வீடு வந்து சேர்வதே அந்த நேரத்தில்தான். பொருத்தனையாகவே (தேவனுக்கு நேர்ந்துகொள்வதாக) பண்ணிவிடலாம் என்றால், நேர்ந்துவிட்டுச் செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்கிற பிரசங்கி 5:5 பயமுறுத்துகிறது.

தனி வாசிப்பை எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். சரி, கேள்வி இதுதான்: ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் குடும்ப ஜெபத்தைக் கடிகாரம் பார்த்து வைக்கிறீர்களா, இல்லை ஒரு வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுகிறீர்களா?