இரண்டு கிளாஸ்களுக்கு ஒரே ஆப்ஜெக்ட்டைக் கொடுப்பது எப்படி?

கேள்வி:
ஜாவாவில் ஒரு கடைக்கான மென்பொருள் எழுதி வருகிறேன். இருப்புக் கணக்கு ‘ஸ்டாக்’ கிளாஸில் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குவதற்கான வார்ப்பு) இருக்கிறது. ‘பில்லிங்’, ‘ரிப்போர்ட்’ ஆகிய இரண்டும் அதைப் பயன்படுத்துகின்றன. மூன்று சோப்புக்குப் பில் போட்டால் பில்லிங்கில் 50 என்பது 47 ஆகிறது. ரிப்போர்ட்டில் மட்டும் 50 என்றே நிற்கிறது. இரண்டிலும் ‘நியூ ஸ்டாக்()’ என்றுதான் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் (தனித்தனி ஆப்ஜெக்ட்டுக்கு அல்லாமல் கிளாஸுக்கே பொதுவானது) ஆக்கிவிடச் சொல்கிறார் நண்பர். அது சரியான முறையா?

மறுமொழி 1:
‘நியூ’ இயங்கும் ஒவ்வொரு முறையும் தனியொரு ஆப்ஜெக்ட் உருவாகிறது. ஆகவே உங்களிடம் இரண்டு ஸ்டாக் இருக்கின்றன. ஒன்றில் குறைத்தது மற்றதற்குத் தெரிய வழியில்லை. மெயின் மெத்தடில் ஒரே ஒரு ஸ்டாக்கை உருவாக்கி, இரண்டு கிளாஸ்களின் கன்ஸ்ட்ரக்டருக்கும் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும் பகுதி) அதையே அனுப்புங்கள். அவை அதை ‘பிரைவேட் ஃபைனல்’ ஃபீல்டில் வைத்துக்கொள்ளட்டும். ஜாவாவில் இப்படி அனுப்பும்போது நகலெடுக்கப்படுவது ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்ட்டைக் காட்டும் சுட்டி) மட்டுமே, ஆப்ஜெக்ட் அன்று. எனவே இரண்டு கிளாஸ்களும் ஒரே ஸ்டாக்கைத்தான் தொடுகின்றன. டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயரில் சொல்வது அடிப்படையில் இவ்வளவுதான். இதற்காக ஸ்பிரிங் போன்ற பெரிய ஃபிரேம்வொர்க் வரை போக வேண்டியதில்லை.

மறுமொழி 2:
ஸ்டாட்டிக் ஆக்கினாலும் 47 வரும். ஆனால் நாளை இரண்டாவது கிளைக்குத் தனி இருப்பு வேண்டுமென்றால் அந்த வடிவம் இடம் கொடுக்காது. ஒரு டெஸ்ட் மாற்றிவைத்த எண்ணிக்கை அடுத்த டெஸ்ட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். சிங்கிள்டனிலும் (ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட் மட்டும் என்று கட்டுப்படுத்தும் முறை) இதே தொல்லை உண்டு.

கேட்டவர்:
கன்ஸ்ட்ரக்டர் வழியாக அனுப்பியதும் எண்ணிக்கை சரியாக வருகிறது, நன்றி. ஆனால் ரிப்போர்ட்டைத் திறந்த பிறகு பில்லிங் திரையில் பொருள்களின் வரிசை மாறிவிடுகிறது. பில்லிங் நிரலில் நான் எதையும் மாற்றவில்லை.

மறுமொழி 3:
ஸ்டாக்கின் கெட்டர் (உள்ளிருப்பதை எடுத்துத் தரும் மெத்தட்) உள்ளே இருக்கும் அர்ரேலிஸ்ட் என்ற பட்டியலையே அப்படியே திருப்பித் தருகிறது என்று நினைக்கிறேன். ரிப்போர்ட் அதன்மேல் ‘சார்ட்’ போட்டால் ஸ்டாக்கின் சொந்தப் பட்டியலே வரிசை மாறும். ‘ஃபைனல்’ இதைத் தடுக்காது, ஏனெனில் அது ஃபீல்டுக்கு வேறு ஆப்ஜெக்ட்டை வைக்கவிடாதே தவிர, உள்ளிருப்பதைக் காக்காது. கெட்டரில் ‘நியூ அர்ரேலிஸ்ட்’ போட்டு ஒரு நகலைத் திருப்பிக் கொடுங்கள்; ரிப்போர்ட் அதை விருப்பம்போல் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ‘கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ நகல் அன்று, மூலப் பட்டியலைப் பார்க்க மட்டும் விடும் சாளரம். அதன்மேல் ‘சார்ட்’ போட்டால் எக்செப்ஷன்தான் (இயங்கும்போது எழும் பிழை) வரும். ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியல் நகலானாலும் அதிலுள்ள ஒவ்வொரு சரக்கு ஆப்ஜெக்ட்டும் பொதுவானதுதான், ரிப்போர்ட் ஒரு பொருளின் விலையைத் திருத்தினால் பில்லிலும் அந்த விலையே ஏறும்.