விஎஃப்ஆர் 800: கியரை எடுத்துவிட்டுச் செயின் போட்டது ஏன்?

தொலைதூரன்:
பழைய ஹோண்டா விஎஃப்ஆர் 800 ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 1998 மாடலா, 2002இல் வந்த வி-டெக் மாடலா? இரண்டும் 781 சிசி வி4தான், அதாவது வி வடிவில் நான்கு சிலிண்டர். அப்படியிருக்க, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றிய கியர்களை எடுத்துவிட்டு ஏன் செயினுக்குப் போனார்கள்? என் ஓட்டம் நெடுந்தூரம். பெட்டிகள் உண்டு, பின்னால் ஆளும் உண்டு.

ஸ்பேனர்செட்:
இரண்டு இன்ஜினையும் பிரித்து மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். 80களின் தொடக்கத்தில் வந்த விஎஃப்750இல் கேம் தேய்மானம் பெரிய தலைவலியாகி, ஹோண்டாவின் பெயரே அடிபட்டது. அந்தப் பெயரை மீட்கத்தான் 1986இல் விஎஃப்ஆர்750 கியர் கேமோடு வந்தது. செயின் தளர்ச்சி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சத்தம் என்ற பேச்சே அதில் கிடையாது. 1998 மாடல் இன்னும் ஒரு படி மேல். ஹோண்டாவின் ரேஸ் ரக வண்டியான ஆர்சி45இன் இன்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரத்தை, அதாவது 46 மிமீ ஸ்ட்ரோக்கை, 48 ஆக்கி உருவாக்கியது அது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம்கூட ஃபிரேமில் இல்லை, இன்ஜின் கூடான கிரேங்க்கேஸிலேயே மாட்டியிருக்கும். த்ராட்டிலைத் திறக்கும்போது அந்தக் கியர்கள் மெல்ல ரீங்கரிக்கும். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வேறு இன்ஜின் பிடிக்காது, எனக்கும் அப்படித்தான்.

ஆனால் கியர் என்றால் எடை, செலவு, சத்தம் மூன்றுமே கூடும். 2002இல் அதை விட்டார்கள். வி-டெக்கில் கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான் வேலை செய்யும். 7,000ஐ நெருங்கும்போது மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். கீழே டார்க், மேலே பவர் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் முந்திப் போகும்போது சரியாக அந்த இடம் வந்தால், சத்தம் சட்டென்று மாறி வண்டி உந்தும். பின்னால் இருப்பவர் சட்டென்று பின்னுக்குச் சாய்வார். வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விட வேண்டிய சிறு இடைவெளி) பார்ப்பதும் இதில் கூடுதல் வேலை, தனி டூல் வேண்டும். உங்களுக்கு 1998தான்.

மழைக்கோட்டு:
அண்ணா, இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். டூரிங்கில் யார் 7,000க்கு மேலேயே ஓட்டுகிறார்கள்? மாறும் இடத்தையும் 2006இல் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார்கள். வி-டெக் மாடலில் ஏபிஎஸ்ஸும் கிடைக்கும். மழையில் இரண்டு பேரோடு போகிறவருக்கு அதுதான் முக்கியம். குறை என்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் சைலன்சர், சூடு ஏறும். 2014இல் அதைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் சேர்ந்தது. பணம் இடம் கொடுத்தால் அதை எடுங்கள்.

ஸ்பேனர்செட்:
ஏபிஎஸ் விஷயம் சரிதான் தம்பி, மறுக்க முடியாது. தொலைதூரன், எந்த வருடம் எடுத்தாலும் பேட்டரிக்குப் போகும் சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரைப் பாருங்கள், இந்த வண்டிகளுக்கு வழக்கமான பலவீனம் அது. கனெக்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்ஜினை 5,000இல் வைத்து பேட்டரியில் மீட்டர் பிடியுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 13க்குக் கீழே இறங்கினால், சரிசெய்யும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.