கடலடிப் படத்தில் போலிக்கோடு, நீக்க வழி சொல்லுங்கள்

அண்ணன், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். கடலடி நில அதிர்வுத் தரவில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முதுகலை ஆய்வுக்காக சிங்கப்பூர் நீரிணையில் எடுத்த பழைய பூமர் (நீரில் ஒலித்துடிப்பு அனுப்பும் கருவி) தரவைப் பார்க்கிறேன். ஒற்றை ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) கம்பிதான். நீராழம் சுமார் 30 மீட்டர். ஒலி நீரில் நொடிக்கு 1,500 மீட்டர் போவதால், தரையின் எதிரொலி 40 மில்லிநொடியில் வருகிறது. அதே ஒலி நீர்ப்பரப்பில் மோதி மீண்டும் கீழே போய்த் திரும்ப, 80-இல் இரண்டாவது கோடு; இதுதான் அந்தப் போலிக்கோடு. அங்கேதான் எனக்கு வேண்டிய புதையுண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கும் இருக்கிறது! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து இந்த இடமெல்லாம் நிலமாக இருந்த காலத்து ஆறு அது. அதை இழக்க மனமே வரவில்லை.

பல ஹைட்ரோஃபோன்கள் இருந்திருந்தால் ஒலிவேக வேறுபாட்டை வைத்துப் போலிக்கோட்டைப் பிரித்திருக்கலாம். இதில் முடியாது. சைஸ்மிக் யூனிக்ஸ் என்ற நில அதிர்வுத் தரவு மென்பொருளில் 40 மில்லிநொடி இடைவெளி வைத்து முன்கணிப்பு டிகான்வல்யூஷன் (திரும்பத் திரும்ப வரும் எதிரொலியைக் கணித்துக் கழிக்கும் முறை) போட்டேன். போலிக்கோடு மங்கியது, பள்ளத்தாக்கின் அடியும் சேர்ந்து மங்கிவிட்டது.

ஆழம் மாறும் இடங்களில் இடைவெளியை எப்படித் தேர்வது? முதலில் படத்தில் கடல்தரையைச் சமப்படுத்திவிட்டுச் செய்வது சரியா? கிளமெண்டி, ஜூரோங் பக்கம் இருந்தால் மடிக்கணினியோடு நானே வருகிறேன்.