எலுமிச்சை தேய்த்த காலோடு வெயிலில் போகலாமா?

தென்பெண்ணைக்காரன்: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தோலோடு குதிகாலில் தேயுங்கள், வாரத்தில் பித்தவெடிப்பு போய்விடும். களிம்பெல்லாம் வியாபாரம்." படித்ததிலிருந்து எரிச்சல். அந்தத் தோலில் ஃபியூரோகூமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் சூடு வைத்தது போலக் கொப்பளிக்கும். கறுத்த தடம் மாதக்கணக்கில் போகாது. தேய்த்துவிட்டு வெயிலில் இறங்காதீர்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். குதிகாலில் எங்கே ஐயா வெயில் படும்? கிருஷ்ணகிரியில் தலைகீழாகவா நடக்கிறீர்கள்?

தென்பெண்ணைக்காரன்: சாறு குதிகாலோடு நின்றுவிடுமா? தேய்த்த கையில் இருக்கும், புறங்காலுக்கு வழியும். கொப்பளம் அங்கேதான் வரும். அதுவும் உடனே வராது, ஒரு நாள் கழித்து வரும். அதனால்தான் எலுமிச்சை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அரூர் அக்கா: சேற்றுப்புண்ணில் எலுமிச்சை பட்டால் உயிரே போய்விடும். நாங்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் வைப்போம்.

பாலக்கோட்டுத் தக்காளி: புண்ணோ வெடிப்போ, புளிப்புக்கு எல்லாம் அடங்கும் அக்கா. எங்கள் பாட்டி காலம் முழுக்கத் தேய்த்தார்.

தென்பெண்ணைக்காரன்: பாட்டி வந்துவிட்டார், இனி யாரும் பேசக் கூடாது! சாற்றின் பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 2-ஐ ஒட்டி இருக்கும்; அது கடும் புளிப்பு. காய்ந்த தோலைக் கொஞ்சம் இளக்கும், நான் மறுக்கவில்லையே. ஆழமாகப் பிளந்த வெடிப்பில் விட்டால் எரியும், இன்னும் காயும். யூரியா கலந்த களிம்பு தடித்த தோலை இளக்குவதோடு ஈரத்தையும் பிடித்து வைக்கும். உங்கள் பழம் அதைச் செய்யுமா?

பாலக்கோட்டுத் தக்காளி: நெல்லுக்குப் போடுகிற யூரியாவைக் காலில் போடச் சொல்கிறார், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். குதிகாலில் வெயில் படுமா, படாதா? அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

தென்பெண்ணைக்காரன்: புறங்கால் என்று சொல்லியாகிவிட்டது. எழுத்துக் கூட்டிச் சொல்லவா? பு-ற-ங்-கா-ல்.

ஓசூர் ரோஜா: சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் எரிவது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

பாலக்கோட்டுத் தக்காளி: மாங்கூழ்ச் சண்டையிலும் நீங்கள் இப்படித்தான் அவருக்கு ஒத்து ஊதினீர்கள். தர்மபுரி மாம்பழம் என்று சொன்னதற்கு என்ன குதி குதித்தீர்கள்! 2004 வரை தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம்தான், மறந்துவிட்டதா?

தென்பெண்ணைக்காரன்: பிரிந்ததே நல்லதாகப் போயிற்று. மாங்கனிக் கண்காட்சி எங்கே நடக்கிறது? அதை விடுங்கள். தோலோடு தேய்க்கச் சொன்ன வரியை நீக்குவீர்களா, மாட்டீர்களா?

பாலக்கோட்டுத் தக்காளி: மாட்டேன். இன்று காலைகூடத் தேய்த்துவிட்டுத்தான் சந்தைக்குப் போய் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

தென்பெண்ணைக்காரன்: நாளை மறுநாள் படம் போடுங்கள். குதிகால் படம் வேண்டாம், புறங்கால் படம்.

அரூர் அக்கா: கோடையில் எலுமிச்சை விற்கிற விலைக்கு அதைக் காலில் தேய்க்கிறாராம்! தம்பி, மிச்சம் இருந்தால் இங்கே அனுப்பு, ஊறுகாயாவது போடுகிறேன்.