மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் முழு மரபணு வரிசை எதற்கு?

கேள்வி:
மூளையுறை அழற்சியை உண்டாக்கும் இந்தக் கிருமியை ஏ, பி, சி, டபிள்யூ என்று ஏற்கெனவே வகை பிரித்துவிடுகிறார்கள், தடுப்பூசியும் பெரும்பாலும் அதை வைத்துத்தான், அப்புறம் முழு மரபணுவையும் படித்து என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

பதில் 1:
அந்த எழுத்து கிருமியின் மேலுறையை மட்டும்தான் சொல்லும். இவை ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுக்களை வாங்கிக்கொள்பவை, சமயத்தில் உறையையே மாற்றிவிடும். பழைய முறையில் 7 மரபணுக்களின் துண்டுகளைத்தான் பார்ப்பார்கள். கிருமியிடம் இருப்பதோ சுமார் 2,000. டபிள்யூ, எஸ்டி-11 (அந்த 7 மரபணுக்களை வைத்துத் தரும் வகை எண்) என்று ஒரே பெயரில் கிடந்தவற்றை முழு வரிசையில் பார்த்தபோது, 2000-ஆம் ஆண்டு ஹஜ் பரவல் ஒரு கிளை, தென் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது வேறு கிளை என்று தெரிந்தது. இந்த டபிள்யூ பெருகியதால்தான் பிரிட்டன் 2015-இல் பதின்பருவத்தினருக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்குமான ஊசியைக் கொண்டுவந்தது.

பதில் 2:
நைஜீரியாவை விட்டுவிட்டீர்களே! 2013 முதல் அங்கே பரவிய சி வகை வெளியிலிருந்து வந்ததல்ல; உறையே இல்லாமல் தொண்டையில் சும்மா கிடந்த ஒரு பரம்பரை, சி உறைக்கான மரபணுக்களைப் பெற்று உருவானது. எழுத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

கேள்வி கேட்டவர்:
சரி, படுத்திருக்கும் நோயாளிக்கு இதனால் பலன் உண்டா?

பதில் 1:
நேரடியாக இல்லை. சந்தேகம் வந்ததுமே ஆன்டிபயாடிக் போட்டாக வேண்டும், வரிசைக்காகக் காத்திருக்க முடியாது.